உப்பனாறு என்று மட்டும் எழுதியிருந்த தாள்

உலர்ந்த புல் ஒன்றைத் தைத்திருந்த அந்தத் தாளில், செடியின் பெயரை விட்டால் இருந்தது நான்கே விவரம். உப்பனாறு கரை. உவர் நிலம். 14-2-1986. எண் 57. கீழே, யாருடையது என்று படிக்க முடியாத ஒரு கையெழுத்து.

நான் தாவரவியல் படித்த கல்லூரியில் ஹெர்பேரியம் என்று ஒன்று இருந்தது. ஹெர்பேரியம் என்றால் செடிகளை அழுத்தி, உலர்த்தி, தாளில் தைத்து, பெயரும் ஊரும் எழுதிப் பாதுகாக்கும் இடம். எங்களுடையதில் இரண்டு மரப் பீரோ, பாச்சை உருண்டை வாசனை, அவ்வளவுதான். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கைகாட்டுவார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது அந்த அறையின் ஜன்னல் பிய்ந்துகொண்டு போனது. பாதித் தாள்கள் ஊறிவிட்டன. மிஞ்சியதையாவது கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்போம் என்று பிறகு சிலர் உட்கார்ந்தோம். 57ஆம் எண் தாள் என் பங்கில் வந்தது.

மாவட்டம் என்ற கட்டத்தில் ‘கடலூர்’ என்று அடிக்கப் போய் நிறுத்திவிட்டேன். உப்பனாறு என்றால் கடலூர்க்காரர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டி ஓடும் ஆறு. புதுச்சேரிக்காரர்களுக்கு நகரத்துக்குள் ஓடும் வாய்க்கால். சீர்காழிப் பக்கம் கேட்டால் அங்கேயும் ஒரு உப்பனாறு உண்டு. உப்புத் தண்ணீர் ஏறும் ஆற்றுக்கு அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை வைத்ததில் தப்பில்லை. 1986இல் லேபிள் எழுதிய மாணவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. தான் எந்த ஆற்றங்கரையில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்தானே!

உலர் மாதிரிகளின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. செடி எங்கே வளர்கிறது என்பதற்கான சான்று என்று இந்தத் தாள்களை நம்புகிறோம். தாள் சொல்வதோ, ஒரு நாள், ஒரு மனிதர், ஓரிடத்தில் குனிந்தார் என்பதை. அந்த இடம் எது என்று அவர் எப்படிச் சொல்லியிருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் நமக்குத் தெரியும்.

பூனைக்காலும் முயல்காலும்

தாளில் தைத்திருந்த புல் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. தரையோடு ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு குட்டையான கிளை, குத்துகிற மாதிரி விறைத்த சின்ன இலை, நுனியில் ரோமம் அடர்ந்த சிறு உருண்டையாகப் பூங்கொத்து. முதலில் பெயர் எழுதியவர் அதை அருகம்புல் என்றே நினைத்திருக்கிறார். பூக்காத நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிற்பாடு புல் வகைகளில் பழக்கமுள்ள யாரோ வந்து பார்த்து, பக்கத்தில் சிறிய சீட்டு ஒட்டித் திருத்தியிருக்கிறார்: ஏலுரோபஸ் லாகோபாய்டிஸ்.

கிரேக்க மொழியில் ஏலுரோஸ் என்றால் பூனை, பூஸ் என்றால் பாதம். லாகோபாய்டிஸ் என்பதற்கு முயல்பாதம் போன்றது என்று பொருள். ஆக, பெயரின் முன்பாதியில் பூனைக்கால், பின்பாதியில் முயல்கால். அந்தப் பூங்கொத்தை விரலால் தடவிப் பார்த்தால் பெயர் வைத்தவர்கள் மேல் கோபம் வராது. எல்லோருக்கும் தெரிந்த தமிழ்ப் பெயர் ஒன்று இதற்கு என் காதில் விழுந்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரை முடியும்வரை பூனைக்கால் புல் என்று நானாகவே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

தாள்களை ஏற்றும் வேலையில் என்னோடு இருந்த ஜூனியர் பெண் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்தைச் சேர்ந்தவள். இந்தப் புல்லின் உலகப் பதிவுகளை இணையத்தில் வரைபடமாகப் போட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். “அக்கா, இதுல பாதி தப்பு போல. நம்ம கழிமுகத்துப் புல்லுக்கு ராஜஸ்தான்ல, குவைத்ல எல்லாம் புள்ளி விழுந்திருக்கு. பாலைவனத்துல இது எப்படி வளரும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புள்ளிகள் சரி. வட ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, ஈரான், பாகிஸ்தான் வழியாக நம் கடற்கரையும் இலங்கையும் வரைக்கும் இந்தப் புல்லின் வீடு நீண்டு கிடக்கிறது. ராஜஸ்தானின் சாம்பார் ஏரி கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை, புதுச்சேரியில் சுமார் 1,300. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மனிதக் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். புல்லின் வேரிலிருந்து பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அங்கேயும் ஈரநிலம் உண்டு. சுற்றியுள்ள மேட்டிலிருந்து மழைநீர் பள்ளத்துக்கு வந்து சேர்கிறது, அல்லது பாறை இடுக்கில் ஊற்று கசிகிறது. வந்த நீருக்குக் கடலுக்குப் போக வழி கிடையாது. அது போகும் ஒரே வழி ஆகாயம். நீர் ஆவியாகிப் போக, அது சுமந்து வந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டு தங்கினால் சாம்பார் ஏரி. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி, கோடை வெயிலில் நாம் சில வாரங்களில் செய்யும் அதே வேலைதான்.

இரண்டு இடத்திலும் புல்லுக்கு ஒரே கஷ்டம்: காலடியில் தண்ணீர் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. மண்ணில் உப்பு கூடினால் வேர் நீரை இழுப்பது கடினமாகிறது. இழுத்தாலும் கூடவே உப்பு உள்ளே வருகிறது. பூனைக்கால் புல் அதற்கு வைத்திருக்கும் உபாயம் இலையில் தெரியும். இலைப் பரப்பில் இரண்டிரண்டு செல்களால் ஆன நுண்ணிய சுரப்பிகள் உண்டு. உள்ளே வந்த உப்பை அவை வெளியே தள்ளிவிடுகின்றன. வெயில் ஏறிய பிறகு இலையைத் திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக மின்னும். நாக்கில் வைத்தால் சந்தேகமே வராது. பனி இறங்கிய காலையில் போனால் எல்லாம் கரைந்து ஓடியிருக்கும். உப்பைப் பார்க்க வேண்டுமானால் பத்து மணிக்கு மேல் போக வேண்டும்.

அதனால் கிள்ளைப் பெண் பார்த்த வரைபடத்தில் புள்ளிகள் பின்பற்றியது கடற்கரையை அல்ல, உப்பை.

தாளில் ஏறும் கதை

ஒரு புல் எப்படித் தாளாகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றச் சிக்கல்கள் புரியும். பூவுள்ள கொம்பை ஒடித்து வந்தால் மரத்துக்குப் போதும், புல்லுக்குப் போதாது. அது ஒருபருவப் புல்லா, ஆண்டுக்கணக்கில் நிற்பதா என்பதை வேரும் தரையடித் தண்டும்தான் சொல்லும். ஆகவே கொத்திப் பிடுங்க வேண்டும். சேற்றை அலசி, ஈரத்தைத் துடைத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, இலை ஒன்றையாவது புரட்டிப் போட்டு அடிப்பக்கம் தெரியும்படி பரப்ப வேண்டும். உயரமான புல்லை வளைத்து மடக்கித்தான் வைக்க முடியும். பிறகு இரண்டு பலகைக்கு நடுவே அடுக்கிப் பட்டையால் இறுக்க வேண்டும். தினம் ஒருமுறை காகிதம் மாற்ற வேண்டும். இதற்கு நாளிதழ்த் தாள்தான் நல்லது. வழவழப்பான இணைப்பிதழ்த் தாள் ஈரத்தை உறிஞ்சாது.

சாதாரணச் செடி ஒரு வாரத்தில் முறுகிவிடும். உப்பங்கழிச் செடிகள் படுத்தும் பாடு தனி. உமரி மாதிரி சதைப்பற்றுள்ளவை பத்து நாளானாலும் பிசுபிசுக்கும். பூனைக்கால் புல் சீக்கிரம் உலரும், ஆனால் அதன் மேலிருக்கும் உப்பு, காற்றில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். ஐப்பசி மாதத்தில் அழுத்தினால் மூன்றாம் நாள் பூஞ்சை. எங்கள் பீரோவில் தானே புயலுக்கு முதலில் பலியானவை இந்தத் தாள்கள்தாம் என்பது தற்செயல் இல்லை.

உலர்ந்ததைப் பூச்சி அரிக்காமல் இருக்க, நம் நாட்டு வழக்கப்படி பாதரசக் குளோரைடு கலந்த ஆல்கஹாலில் நனைத்து எடுப்பார்கள். பழைய தாள்களைத் தொட்டால் கை கழுவச் சொல்வது சும்மா இல்லை, அது விஷம். அப்புறம் 42க்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள கெட்டித் தாளில் பசையும் நூலும் போட்டுப் பொருத்தி, உதிர்ந்த பூத் துணுக்குகளைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, கீழ் வலது மூலையில் லேபிள். இவ்வளவு பாடுபட்ட கை, லேபிளுக்கு வரும்போது அசந்துவிடுகிறது. செடிக்கு ஒரு வாரம், எழுத்துக்கு அரை நிமிடம். 57ஆம் எண்ணுக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஒரே இடத்தில் ஒரே நாளில் பிடுங்கியதைப் பல பிரதிகளாக அழுத்தி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஊர் ஹெர்பேரியத்துக்கு அனுப்புவதும் பழைய வழக்கம். ஒன்று எரிந்தாலும் இன்னொன்று பிழைக்கும் என்ற நல்ல எண்ணம். இணையத்தில் எல்லாரும் தங்கள் தாள்களை ஏற்றும்போது ஒரே கொத்துப் புல் ஐந்து பதிவாகிவிடும். ஐந்து பதிவு இருக்கிறதே, அங்கே நிறைய இருக்கும்போல என்று நினைத்தால் போச்சு. சேகரித்தவர் பெயரும் எண்ணும் ஒன்றா என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஊர்ப் பெயர் என்னும் புதைகுழி

நம் கடற்கரைக்கு இந்த விஷயத்தில் நீண்ட வரலாறு உண்டு. செடிகளுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். 1776இல் அதே ஊருக்கு ராட்லர் வந்தார். மத போதகர், தாவரச் சேகரிப்பாளர், தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவர். அறுபது ஆண்டு இங்கேயே வாழ்ந்து 1836இல் சென்னையில் இறந்தார். சொல்லையும் செடியையும் ஒரே மனிதர் அடுக்கி வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. அவர் சேகரித்தவற்றில் பல லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

புதுச்சேரியின் பெயரும் அப்படித்தான் கப்பலேறியது. 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் சுவிட்சர்லாந்தில் பிறந்த பெரோத்தே என்ற தாவரவியலாளர் பொறுப்பாக இருந்தார். 1870இல் புதுச்சேரியிலேயே இறந்தார். அவரைப் போன்றவர்கள் அனுப்பியவை பாரிஸ் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சுமார் 80 லட்சம் தாள்களுக்குள் கிடக்கின்றன. அந்தத் தாள்கள் பெரும்பாலும் படமெடுக்கப்பட்டுவிட்டன. முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே பார்க்கலாம். ஆனால் பழைய லேபிளில் ‘பாண்டிச்சேரி’ என்று இருந்தால் கடற்கரைச் சாலையைக் கற்பனை செய்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் பறித்த இடத்தை எழுதியவர்களும் உண்டு, பொட்டலம் கப்பலேறிய இடத்தை எழுதியவர்களும் உண்டு.

இதில் பெரிய கில்லாடி சொன்னேரா என்ற பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். புதுச்சேரியிலும் ஏனாமிலும் பல ஆண்டு இருந்தவர். தான் நியூ கினியாவுக்குப் போனதாகச் சொல்லி அங்கிருந்து பறவைகள் கொண்டுவந்ததாக எழுதினார். அதில் பென்குவின்கூட இருந்தது. நியூ கினியாவில் ஏது பென்குவின்! ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியான கூக்கபரா நியூ கினியாவில் கிடையாது. ஆனால் சொன்னேரா சொன்னதை நம்பி 1783இல் வைத்த ‘நோவேகினியே’ (நியூ கினியாவைச் சேர்ந்தது) என்ற பெயர் இன்றும் அதன் தலையில் இருக்கிறது. லேபிளில் விழுந்த பொய்க்கு ஆயுள் கெட்டி.

பொய் வேண்டாம், உண்மையே போதும் குழப்புவதற்கு. ‘தென்னாற்காடு’ என்று லேபிளில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அதன் தலைநகர் கடலூர்தானே என்று கடலூரில் புள்ளி வைத்தால், கல்வராயன் மலையில் பறித்த செடி கடலில் வந்து விழும். 1993இல் அந்த மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. மலை இப்போது அங்கே. ‘போர்ட்டோ நோவோ’ பரங்கிப்பேட்டை, ‘ஃபோர்ட் செயின்ட் டேவிட்’ தேவனாம்பட்டினம். இதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம். வேறு கண்டத்தில் உட்கார்ந்து தாள்களுக்கு அட்சரேகை போடும் ஊழியருக்கு ஒவ்வொன்றும் ஒரு புதைகுழி.

புதுச்சேரியின் பிரச்சினை இன்னும் வேடிக்கை. மாநிலம் என்ற கட்டத்தில் ‘புதுச்சேரி’ என்று இருந்தால் அது காரைக்காலாக இருக்கலாம், கோதாவரிக் கழிமுகத்து ஏனாமாக இருக்கலாம், கேரளக் கரையின் மாஹேயாகவும் இருக்கலாம். ஊர் விவரம் இல்லாத பதிவுக்கு மென்பொருள் மாநிலத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்தும். மாஹேயின் செடி புதுச்சேரி நகரத்து ரோமன் ரோலன் நூலகத்துப் பக்கம் முளைத்துவிடும். அப்புறம் எண்களை இடம் மாற்றி அடிப்பது. புதுச்சேரி இருப்பது வட அட்சம் 11.9, கிழக்குத் தீர்க்கம் 79.8. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். புள்ளி நேரே வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவுகளின் வட கரையில் போய் உட்காரும். வெள்ளைக்கரடி உலவும் இடத்தில் நம் பூனைக்கால் புல்!

இவை கண்ணில் படும் தப்புகள். ஸ்வால்பார்டை யாரும் நம்ப மாட்டார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி, அதே கடற்கரையில், நம்பும்படியாக விழும் புள்ளிதான் ஆபத்து. 2000 மே மாதம் அமெரிக்கா ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்திய பிறகுதான் சாதாரண ஆளுக்குச் சில மீட்டர் துல்லியம் கிடைத்தது. அதற்கு முந்தைய தாள் எதற்கும் புள்ளி வைத்தால் மட்டும் போதாது, இத்தனை கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம் என்று ஒரு வட்டமும் சேர்த்துப் போட வேண்டும். நல்ல ஹெர்பேரியங்கள் போடுகின்றன. பதிவிறக்கிப் படம் வரைபவர்கள் அந்த வட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு எரிச்சல் அவர்கள் மேல்தான்.

காலி இடம் என்ன சொல்கிறது?

வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தை அந்தச் செடி இல்லாத இடம் என்று படிப்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் சுமார் 27,000 தாள்கள் இருக்கின்றன. நாட்டின் முக்கியமான தொகுப்புகளில் ஒன்று. அதன் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஆய்வே அதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாள் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, புதுச்சேரியில் இருப்பவர்களின் காலடி மண்ணைவிட மலைக்காடு நன்றாகத் தெரிந்ததாகத் தோன்றும். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கிய மேத்யூ பாதிரியார், தமிழகச் சமவெளியையும் சிறு மலைகளையும் ஊர் ஊராகச் சேகரித்திராவிட்டால் நம் பக்கம் இன்னும் வெறிச்சென்று இருந்திருக்கும்.

ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களின் தாள்களை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சேகரித்தவர்கள் சாலையை ஒட்டியே நடந்திருக்கிறார்கள் என்றும், மொத்தத்தில் பெரும்பங்கு ஒரு சிலர் கையால் வந்தது என்றும் காட்டியது. நம் ஊர் ஆய்வு வேண்டாம், நினைத்துப் பார்த்தாலே போதும். கல்லூரி டூர் பஸ் நிற்கும் இடம்தான் செடி வளரும் இடம். பிச்சாவரத்துக்குப் போகும் எல்லாரும் படகில் ஏறிச் சுரபுன்னையைப் பறிப்பார்கள். சேற்றில் முழங்கால் புதைய நடந்தால் கிடைக்கும் புல்லுக்கு யார் இறங்குவார்கள்? அதுவும் பூக்காத நேரத்தில் அருகம்புல் மாதிரி இருக்கிற புல்லுக்கு?

அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்குப் பொருத்தம். அந்நாட்டுத் தென்மேற்குப் பாலைவனங்களில் ஊற்றைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று ஈரப் புல்வெளிகள் உண்டு. ஸ்பானிய வழக்கில் சியனேகா என்பார்கள். அங்கே உவர் ஊற்றோரம் முளைக்கும் ஒரு சின்னப் புல் புச்சினெல்லியா பாரிஷியை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ராபிட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றில் பாரிஷ் என்பவர் பறித்தது. 1928இல் ஹிட்ச்காக் என்ற தாவரவியலாளர் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார். சாண் அளவுகூட வளராத ஒருபருவப் புல். குளிர்கால ஈரத்தில் முளைத்து, வெயில் ஏறுமுன் விதைத்துவிட்டுக் காய்ந்துபோகும். ஈரம் போதாத ஆண்டில் கண்ணிலேயே படாது. ஜூலை மாதம் போனவருக்கு அது இல்லாத செடி.

பதிவுகள் ரொம்பக் குறைவு, ஊற்றுகளும் வற்றுகின்றன என்பதால் 1994இல் அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கலாம் என்று அந்நாட்டு வனவிலங்குத் துறை முன்மொழிந்தது. அதற்குப் பிறகு சரியான பருவத்தில், சரியான ஊற்றுகளுக்குத் தேடிப் போனார்கள். புதிய இடங்கள் கிடைத்தன. 1998இல் முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. புல் பெருகிவிடவில்லை. குனிந்தவர்கள் கூடினார்கள்.

இந்தக் கதையை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். தாள் இருக்கிறது, அதனால் புல் இருக்கிறது என்பதும் தப்பு. பாலைவனத்து ஊற்றுக்கு நிலத்தடி நீர்தான் உயிர். பல மைல் தள்ளி ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் ஊற்று நின்றுவிடும். நூறு ஆண்டுக்கு முந்தைய தாள், இன்று மண்ணாய்க் கிடக்கும் இடத்தில் ஒருகாலத்தில் நீர் கசிந்தது என்பதற்குச் சாட்சியாக மட்டும் மிஞ்சும். நம் பக்கத்துக்கும் இது பொருந்தும். கழிமுகத்து ஓரங்கள் இறால் பண்ணையாகவும் வேலிக்காத்தான் காடாகவும் ஆனதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிக்கு 2021இல் பறவைகள் சரணாலயம் என்ற தகுதி கிடைத்தது. அங்கே வரும் பூநாரைகளைப் படமெடுக்க ஆயிரம் கேமரா உண்டு. அவற்றின் காலடிப் புல்லை யாராவது அழுத்தி வைத்தால்தான் முப்பது ஆண்டு கழித்து ஒப்பிட ஏதாவது இருக்கும்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத் தாவர மாதிரிகளில் பாதிக்கு மேல் தவறான பெயரில் இருக்கக்கூடும் என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. கேட்கத் திகிலாக இருக்கும். ஆனால் தாள் இருக்கும்வரை தப்பைத் திருத்தலாம். எங்கள் 57ஆம் எண்ணே சாட்சி. அருகம்புல் என்று வெறும் பட்டியலில் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கும் அது அருகம்புல்தான். புல்லே கையில் இருந்ததால் பின்னால் வந்தவர் லென்ஸை வைத்துப் பார்த்துச் சீட்டு ஒட்ட முடிந்தது. எழுதியவர் நினைத்தே பார்க்காத வேலைக்கும் தாள் உதவும். 1987இல் உட்வர்ட் என்ற ஆய்வாளர் பழைய தாள்களின் இலைத்துளைகளை எண்ணி, இருநூறு ஆண்டில் அவை சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பதைக் காட்டினார். காற்றில் கரியமில வாயு கூடியதற்கு இலைகள் கொடுத்த பதில் அது. பறித்தவர்களுக்கு அப்போது அது எங்கே தெரியும்?

எண் 56, எண் 58

சரி, உப்பனாறு எது என்ற கதைக்கு வருகிறேன்.

ஒரு லேபிள் ஊமையானால் அதன் பக்கத்துத் தாள்களைக் கேட்பதுதான் இந்தத் தொழிலில் வழி. சேகரிப்பவர்கள் பறிக்கும் வரிசையில் எண் போடுவார்கள். 57 இருந்தால் 56உம் 58உம் எங்கோ இருக்க வேண்டும். ஹெர்பேரியத்தில் தாள்கள் குடும்பவாரியாக அடுக்கியிருப்பதால் அவை பக்கத்தில் இருக்காது. பீரோவையே குடைய வேண்டும். இரண்டு மதியம் குடைந்தோம்.

58 முதலில் கிடைத்தது. அடம்பங்கொடி. அதே தேதி, அதே கோணல் கையெழுத்து, ‘சில்வர் பீச்’. அது கடலூர்க் கடற்கரை. நெஞ்சு கொஞ்சம் துடித்தது, ஆனாலும் ஒரு தாளை வைத்து முடிவு கட்ட முடியாது. மதியத்துக்கு மேல் பஸ் பிடித்து வேறு ஊருக்குப் போயிருக்கலாம். 56 ஒரு உமரிச் செடி, நீர்பட்டு ஓரம் கரைந்த தாளில். லேபிளில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஓ.டி. ஸ்டேஷன் பின்புறம்’.

கிள்ளைப் பெண் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டாள். பாரிஸிலோ கியூவிலோ இதைப் பார்ப்பவருக்கு ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டர் என்றுதான் தோன்றும். கடலூர்க்காரருக்கு ஓ.டி. என்றால் ஓல்டு டவுன், முதுநகர். திருப்பாதிரிப்புலியூர் என்.டி., அதாவது நியூ டவுன். காலையில் முதுநகர் ரயில் நிலையத்தின் பின்னால் உமரி, அடுத்து ஆற்றங்கரையில் புல், அப்புறம் சில்வர் பீச்சில் அடம்பு. 1986ஆம் ஆண்டு மாசி மாத வெயிலில் ஒரு மாணவர் நடந்த வழி அப்படியே எழுந்து வந்தது.

பழைய லேபிளைத் தொடவில்லை. அதை அடித்துத் திருத்துவதோ கிழிப்பதோ கூடாது என்பது விதி. பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினோம்: கடலூர் உப்பனாறு, முதுநகர் சுற்றுவட்டம், எண் 56, 58 ஆகிய தாள்களைக் கொண்டு ஊகித்தது, மூன்று கிலோமீட்டர் முன்பின் இருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் நானும் அங்கே போனோம். துறைமுகத்துப் படகுகளைத் தாண்டி, வேலிக்காத்தான் முள்ளில் துப்பட்டா கிழிந்து, வலைத்துண்டும் பாட்டிலும் கிடந்த ஒரு சேற்று ஓரத்தில் நின்றோம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்ன தேடுகிறோம் என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். “அருகு மாதிரி, ஆனா அருகு இல்ல. காலைக் குத்தும். அதானே?” என்றவர் கையை நீட்டிய பக்கம் போனால், இரண்டு பாய் விரித்த அளவுக்குத் தரையோடு படர்ந்து கிடந்தது. மணி பதினொன்று. இலையெல்லாம் மின்னியது. அவள் ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

கொத்திப் பிடுங்கி, அலசி, மடிப்புக்குள் வைத்த பிறகு லேபிளை எடுத்தாள். “ஓ.டி.னு எழுதட்டுமா அக்கா?”

“எழுது. பக்கத்துலயே கடலூர் முதுநகர்னும் எழுதிடு.”

எழுதினாள். உப்பனாற்றின் கரை, துறைமுகத்திலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை, போன் காட்டிய அட்சரேகை தீர்க்கரேகை, உவர் சேறு, உடன் வளர்பவை உமரியும் வேலிக்காத்தானும். அரை மணி நேரம் ஆனது. பெரியவர் வலையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசியில் சேகரிப்பு எண் என்ற கட்டம். அவள் இதுவரை யாருக்கோ பறித்துக் கொடுத்திருக்கிறாள், தன் பெயரில் பறித்ததில்லை. பேனாவைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, 1 என்று எழுதினாள்.